ஏழு கிலோ

மூன்றாவது வாரமும் அதே பதில்தான். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"எலும்பு ஒன்னுமேல ஒன்னு ஏறியேதாம்மா நிக்குது. எறங்கவே மாட்டேங்குது."

குள்ளம்மாளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "அப்பறம் என்னத்துக்குங்க இந்த இரும்பக் கட்டித் தொங்க வுட்டீங்க? மனுசன் வலியில துடிக்கிறாரு. காலும் சேர மாட்டேங்குது, வூட்டுக்கும் அனுப்ப மாட்டேங்கிறீங்க!"

"அடுத்த வியாழக்கெழமைக்குள்ள எறங்கலன்னா அப்படியே ஒட்டிக்கும். கால் குட்டையாயிடும்மா. அப்பறம் கிளட்ச் மிதிக்கறதெல்லாம் மறந்துட வேண்டியதுதான்."

கிளட்ச் மிதித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவள் புருஷன் வெங்கடாசலம் பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் டெம்போ டிரைவர். லோடு கட்டும்போது வண்டி மேலிருந்து விழுந்ததில் இடது தொடை எலும்பு முறிந்தது. இதயம் பலவீனமாக இருந்ததால் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கம்பி குத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் காலடியில் இருந்த கப்பி வழியாக ஏழு கிலோ இரும்பைத் தொங்கவிட்டார்கள். போதாததற்குக் கட்டிலின் கால் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ, கால் தூக்கி எந்த மனுசன் படுப்பான்? நல்ல ஆஸ்பத்திரி, நல்ல வைத்தியம்!

மத்தியானம் சோறு ஊட்டியதும் வெங்கடாசலம் முனக ஆரம்பித்தார். "ஏ புள்ள, உயிர் போவுது. அத வையேன்."

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கட்டிலின் காலடிக்குத் தள்ளி, இரும்பை இரண்டு கையாலும் ஏந்தி அதன் மேல் வைத்தாள். கயிறு தொய்ந்தது. அவர் முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் கலைந்தது. முதல் வாரத்திலிருந்தே தினமும் இப்படித்தான். மீதி இருபத்திரண்டு மணி நேரம் தொங்குகிறதே, அது போதாதா என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து நர்ஸ் பிரியதர்ஷினி சீக்கிரமே வந்துவிட்டாள். ஸ்டூலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ! எத்தன நாளாங்க்கா இது நடக்குது?"

"ரெண்டு மணி நேரந்தானம்மா. கண்ணால பாத்துட்டு எப்படி சும்மா இருக்கறது?"

"தொடைச் சதை எலும்ப மேல இழுக்குதுங்க்கா. இந்த எடை கீழ இழுக்குது. வெறும் எடை மட்டும் இருந்தா ஆளையே காலடிக்கு இழுத்துட்டு வந்துரும். அதுக்குத்தான் செங்கல். ஒடம்பு தலப்பக்கம் சரியப் பாக்குதில்ல, அது இந்த இழுப்பத் தாங்கி நிக்குது. நீங்க எடையத் தூக்கி வச்சா, சதை எலும்ப மறுபடி ஏத்திடுது. ஒரு நாள் பூராவும் எறங்குனது ரெண்டு மணி நேரத்துல போச்சு."

குள்ளம்மாள் ஸ்டூலையும் தன் கையையும் பார்த்தாள். மூன்று வாரமாக டாக்டரைத் திட்டினாள், நர்ஸைத் திட்டினாள், அந்த இரும்பைக்கூடத் திட்டினாள். கெடுத்ததெல்லாம் இந்தக் கைதானா? தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

பிரியதர்ஷினி எடையைத் தாங்கிப் பிடித்து ஸ்டூலை நகர்த்தி, மெதுவாகத் தொங்கவிட்டாள். கயிறு விறைத்தது. வெங்கடாசலம் பல்லைக் கடித்தார்.

மறுநாள் மத்தியானம் சோறு முடிந்தது. "ஏ புள்ள, அத வையி."

"முடியாதுங்க."

"கொஞ்ச நேரம். உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். "நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா? கல்லு மனசுடி உனக்கு!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

குள்ளம்மாளின் கை தானாக ஸ்டூலுக்குப் போனது. அதை இழுத்துச் சுவரோரம் போட்டு, அதன் மேல் அவளே உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"திட்டுங்க," என்றாள். "வியாழக்கெழம வரைக்கும் நல்லாத் திட்டுங்க."