சிவப்பு தெரியக்கூடாது

கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டாள். சேர்ந்தாள் என்று சொல்ல முடியாது. நியமனக் கடிதம் எதுவும் இல்லை. கணவர் எழுதுபொருள் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி ரிங் ஃபைல் விற்க வேண்டும். பொருளைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்தான். ஆனால் நாலு பேருக்கு எதிரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குரல் தொண்டையைத் தாண்டி வராது. அதனாலேயே கம்பெனியில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் கம்பெனி பூட்டு வைத்த ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை விற்றுக் காட்ட மைக்செட்டை அனுப்பினார்கள். ஒரு வாரம் அலைந்துவிட்டு ஒன்றுமே விற்காமல் வந்து உட்கார்ந்தார்.

"என்னதான் சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான் சொன்னேன்."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

அவளுக்கு ரிங் ஃபைல் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஒரு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்தவள். வளையம் மூடும்போது விரலைக் கடித்து நகத்தடியில் ரத்தம் கட்டியது எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. அதைவிடக் கொடுமை, ஃபைல் கை தவறிக் கீழே விழுவது. வளையங்கள் வாயைப் பிளந்துவிடும். முந்நூறு தாளும் மாடிப்படி நெடுகப் பரவிக் கிடக்கும். வரிசை எண் பார்த்துத் திரும்பக் கோக்க ஒரு முழுநாள் போய்விடும். அப்படி ஒருநாள் படியில் உட்கார்ந்து அழுதே இருக்கிறாள்.

சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணவர் அவளுக்கு அந்தப் பூட்டைக் கழற்றிக் காட்டினார். வளைந்த மூடிக்கு அடியில் இரண்டு மெல்லிய தகடுகள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். நுனியில் இருக்கும் லீவரை அழுத்தினால் தகடுகள் மேலே எழும்பும், வளையங்கள் விரியும். கீழே விழுகிற அதிர்ச்சியிலும் அதேதான் நடக்கும். புதுப் பூட்டில் லீவருக்குப் பக்கத்தில் நகம் அளவு ஒரு கட்டை. அதை முன்னால் தள்ளினால் மூடிக்கும் தகடுகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் ஆப்பு மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். தகடு எழும்ப இடமில்லை. வளையம் திறக்க வழியில்லை.

அவள் கட்டையைத் தள்ளினாள். ஃபைலைத் தலைக்கு மேலே தூக்கினாள். கணவர் "ஏய், ஏய்" என்பதற்குள் தரையில் ஓங்கிப் போட்டாள். ஃபைலின் மூலை நசுங்கியது. ஒரு தாள்கூட வெளியே வரவில்லை.

"இதைத்தாங்க அவங்க முன்னாடி செய்யணும்," என்றாள். "பேசிக்கிட்டு நிக்காதீங்க. தூக்கிப் போடுங்க."

"நானா? என்னால முடியாதும்மா."

"அப்ப நான் வரேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் முதல் பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போவார்கள். ஆளுக்கொரு பெட்டி, அவர் பெட்டியில் மாதிரி ஃபைல்கள், அவள் பெட்டியில் கோத்துக் காட்டக் கழிவுத் தாள்களும் இரண்டு பேருக்கும் சாப்பாடும். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தாள் கோப்பது அவர் வேலை. பூட்டுவதும் வீசுவதும் அவள் வேலை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நாலு வாக்கியம் முணுமுணுப்பார். அவள் மேசையின்மேல் ஏறாத குறையாக நின்று ஃபைலை அறையின் அந்தக் கோடிக்கு விட்டெறிவாள். குமாஸ்தாக்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஃபைல் சுவரில் மோதி விழும். அவள் போய் அதை எடுத்து, முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் தலைகீழாக உதறிக் காட்டுவாள். ஆறே மாதத்தில் அவளுக்கு 'தூக்கிப்போடற அம்மா' என்று பெயர் வந்துவிட்டது.

மாமியாருக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததுதான் வினை.

பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில் அன்றைக்குக் காட்சி. அங்கே ஆர்டர் கிடைத்தால் எல்லாக் கிளைகளுக்கும் இதே ஃபைல்தான். விடியற்காலையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்த மகனிடம், மருமகள் காதிலும் விழட்டும் என்று, மாமியார் சொன்னாள்: "கட்டின பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு ஆம்பளைங்க முன்னாடி வித்தை காட்ட வைக்கிறியேடா. நல்லாவா இருக்கு?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோபமா?" என்று பாதி வழியில் கேட்டார்.

"எனக்கென்ன கோபம். ஒரு வார்த்தை, 'அவ எனக்கு உதவியா வராம்மா'ன்னு சொல்லக்கூடாதா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்க! நெனச்சுக்கிட்டே இருங்க."

அந்த நிறுவனத்தின் நடைகூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவர் தாள்களைக் கோத்தார். கழிவுத் தாள் கட்டு அன்று குறைவாக இருந்தது. தன் பையிலிருந்தும் ஒரு கற்றை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். ஃபைலை அவளிடம் நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, வளையங்களை அறைந்து மூடி, கட்டையை வெடுக்கென்று ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

நீளமான அறை. பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் பதிவறைக் கண்காணிப்பாளர், ஓய்வு பெறப்போகிற வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் சொல்வதுதான் அங்கே சட்டம் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

கணவர் தன் நாலு வாக்கியத்தை முணுமுணுத்தார். அவள் முன்னால் வந்தாள். காலையிலிருந்து உள்ளே கிடந்த கோபம் எல்லாம் கைக்கு வந்தது. அதுவரை எந்த அலுவலகத்திலும் வீசாத வேகத்தில் வீசினாள்.

நடுவானிலேயே ஃபைல் திறந்துகொண்டது.

புறாக்கூட்டத்தில் கல் விழுந்த மாதிரி தாள்கள் அறை முழுவதும் பறந்தன. மின்விசிறி வேறு சுழன்றுகொண்டிருந்தது. மேசைமேல், நாற்காலியடியில், அலமாரி உச்சியில், கண்காணிப்பாளரின் மடியில், எங்கே பார்த்தாலும் தாள். வெறும் ஃபைல் அட்டை மட்டும் சொத்தென்று மூலையில் விழுந்தது.

பூட்டைப் பாதிதான் தள்ளியிருக்கிறோம் என்பது அந்த நொடியே அவளுக்கு உறைத்துவிட்டது. கணவர் மண்டியிட்டுத் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவளும் குனிந்தாள். இரண்டு குமாஸ்தாக்கள் பாவம் பார்த்து உதவிக்கு வந்தார்கள்.

கண்காணிப்பாளர் மடியில் கிடந்த தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். முதலில் மனசுக்குள்தான் படித்தார். பிறகு புருவம் உயர்ந்தது. வாய்விட்டே படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம். இங்கே மூச்சு விடவும். எங்கள் கம்பெனியின் புதிய பூட்டு ஃபைலைக் காட்ட வந்திருக்கிறோம். இங்கே சிரிக்கவும், அதிகம் வேண்டாம்.'"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணவரின் காதுமடல் சிவந்துபோயிற்று. அது அவர் வீட்டு முன்கட்டில் தனியாக உட்கார்ந்து எழுதி எழுதிப் பழகிய பேச்சு. நாலே வாக்கியத்துக்கு ஐம்பது அறுபது தாள் எழுதியிருக்கிறார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இங்கயும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றார் ஒரு குமாஸ்தா.

"படிங்க."

"'இப்போது என் மனைவி இதை வீசிக் காட்டுவார். இங்கே அவளைப் பார்க்காதே. பார்த்தால் அடுத்தது மறந்துபோகிறது.'"

அறையே குலுங்கிச் சிரித்தது. கண்காணிப்பாளர்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையில் நாலைந்து தாளோடு தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த மனிதர் ஏன் எப்போதும் தரையைப் பார்த்தே பேசுகிறார் என்று அவள் எத்தனை நாள் எரிச்சல் பட்டிருக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் கண்காணிப்பாளர் கேட்டார்: "சரி, வேலைக்கு வருவோம். பூட்டு ஏன் திறந்துக்கிச்சு?"

"என் தப்பு மேடம்," என்று அவள் எழுந்தாள். "நான் முழுசாத் தள்ளல. பூட்டுல ஒரு குறையும் இல்ல."

"இல்லீங்க மேடம்." கணவரின் குரல். அறையின் கோடி வரைக்கும் கேட்டது. "குறை எங்க பொருள்லதான். பாதி தள்ளினாலும் பூட்டினமாதிரியே தெரியுது. இவங்க ஆறு மாசமா தினம் தள்ளிக்கிட்டிருக்காங்க. இவங்களுக்கே தெரியலைன்னா உங்க ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "விக்க வந்தவங்க வாயால இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்ல," என்றார். "ஆனா அதுக்காக ஆர்டர் தர முடியாது. சரிபண்ணிக் கொண்டுவாங்க. பார்க்கலாம்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். வழக்கமாக அவள் வளவளவென்று பேசுவாள். அன்றைக்கு அவர் பங்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அந்தத் தாளெல்லாம் ஏன் கொண்டுவந்தீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"கட்டு கம்மியா இருந்துச்சு. கவுத்துத்தான் வச்சேன்."

"கவுத்து வச்சாராம்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார். படியேறி வந்த ஒரு ஆள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

திரும்புகிற பஸ்ஸில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ரயில் கழிப்பறைக் கதவில் உள்ளே ஆள் இருந்தால் சிவப்புத் தெரியுமே, அதுபோல இதிலும் ஒரு சிவப்பு வைத்தால் என்ன? கட்டை போய் நிற்கிற இடத்தில் ஒரு பொட்டு. முழுசாகத் தள்ளினால் கட்டை அதை மறைத்துவிடும். சிவப்பு தெரிந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம்.

"சிவப்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்," என்றாள்.

கணவர் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் அதை வரைந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய நகப்பூச்சை எடுத்து, தீக்குச்சி முனையால் தொட்டு, மாதிரி ஃபைலில் ஒரு பொட்டு வைத்தார். சரியான அகலம் பிடிபட ஏழு ஃபைல் வீணாயிற்று, நகப்பூச்சும் தீர்ந்துபோயிற்று. எட்டிப் பார்த்த மாமியார், "இது வேறயா?" என்றாள்.

"அவ யோசனைம்மா," என்றார் அவர், தலை நிமிராமல். "கம்பெனியில இத்தனை இன்ஜினியர் இருந்தும் யாருக்கும் தோணல."

மறுநாள் காலை சாப்பாட்டுப் பாத்திரத்தை மாமியாரே கட்டி வைத்திருந்தாள்.

கம்பெனிப் பட்டறைக்காரர்கள் முதலில் மூஞ்சியைச் சுளித்தார்கள். பிறகு செய்து பார்த்தார்கள். நாலு மாதம் கழித்துச் சிவப்புப் பொட்டு வைத்த ஃபைலோடு இருவரும் அதே அறைக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் தானே வாங்கிப் பூட்டினார், பொட்டு மறைந்ததா என்று குனிந்து பார்த்தார். "இன்னிக்கு நான் போடறேன்," என்று சொல்லி, வயதையும் பார்க்காமல் ஓங்கி வீசினார். ஆர்டர் அன்றைக்கே எழுத்தில் வந்தது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் கம்பெனி ஒரு வரி அச்சடித்துப் போட்டது: சிவப்பு தெரியக்கூடாது. அந்த வரி அவளுடையது என்று எங்கேயும் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த மாதமே அவள் முழுகாமல் இருப்பது உறுதியாயிற்று. கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தன் பெட்டியைக் கம்பெனியில் ஒப்படைத்தாள். மகள் பிறந்தாள், பிறகு மகன். பஸ் பயணங்கள் நின்றுபோயின. அவருக்குத் துணையாக வேறொரு ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் நன்றாகத்தான் வீசுவானாம், ஆனால் வீசிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பானாம்.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு. அவருக்கு முழங்கால் வலி; மாடி ஏறுவதில்லை. மகள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் காகிதமே கிடையாதாம். இவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. விரலாவது தப்பித்தது என்பாள். அவள் நினைவில் திரும்பத் திரும்ப வருவது அந்த ஒரு வருஷத்துப் பகல்கள்தான். பழந்தாள் வாசமடிக்கும் யாரோ ஒருவருடைய அலுவலகம், அடுத்து என்ன நடக்கப்போகிறதென்று தெரியாமல் காத்திருக்கும் இருபது முகங்கள், கையில் கனமாக ஒரு ஃபைல். சில நாள் மத்தியானம் துணி மடிக்கையில் அந்த ஊர்களையெல்லாம் பஸ் போன வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அடுத்த அறையிலிருந்து அவர் எடுத்துக் கொடுப்பார்.