கோட்டுக்கு அப்பால் எத்தனை அடி

என் சைக்கிளின் முன் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது என்பதை நான் முதன்முதலில் கவனித்தது ஜனவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை. சிங்கம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து கால்வாய்க்கு இறங்கும் சரளைப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். பாலத்துக்கு முன்னால் வழக்கமாக நிற்கிற இடத்தில் சைக்கிள் நிற்கவில்லை. கைப்பிடிச் சுவரில் முன் சக்கரம் முட்டித்தான் நின்றது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சரிவில் ஆறு வருடமாக இறங்குகிறேன், ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். பெயர் நேசையா, வயது அறுபத்து நான்கு. அம்பாசமுத்திரத்தில் ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டையில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போகாமல், கல்லிடைக்குறிச்சியிலேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டோம். காரணம் இந்த மலையடிவாரம்தான். என் மனைவி ஜெபராணி இதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. அவளுடைய கோயில் பாடகர் குழு பாளையங்கோட்டையில் இருக்கிறது.

மலைச் சைக்கிள் என்று அதை நான் வாங்கியது ஓய்வு பெற்ற மாதம். இப்போது அதில் பழசு என்று சொல்ல நடுச் சட்டம் ஒன்றுதான் மிச்சம். முன் சக்கரத்தைத் தாங்குகிற சுருள்கம்பி ஃபோர்க் போய்க் காற்றடைக்கிற ஃபோர்க் வந்தது. மிதிக்கிற இடத்தில் மூன்று பல்சக்கரம் இருந்ததை ஒன்றாக்கி, பின்னால் பதினொன்று போட்டேன். அதில் பெரியது இட்லித் தட்டு அகலம் இருக்கும். உடைமுள் தொல்லை தாங்காமல் டியூப் இல்லாத டயருக்கு மாறினேன். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றிவிட்டால் முள் குத்திய துளையை அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் முள் ஏறிய அன்று, வெள்ளையாக நுரைத்து, சீறி, அடங்கி, காற்று நிற்பதை வரப்போரம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதுச் சாமான் மாட்டிய முதல் காலை இருக்கிறதே, பாதையும் பள்ளமும் பழசுதான், நமக்கு மட்டும் இருபது வயது குறைந்திருக்கும்.

சாமான் மாட்டித் தருவது மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்ரார். எனக்குத் தம்பி வயது. சின்ன வேலை என்றால் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மீதி சைக்கிள் பின்னால் வருகிறதா அண்ணாச்சி என்று ஒரு கண்டக்டர் கேட்டதுண்டு.

எங்கள் துறையில் அளவு தப்பினால் முதலில் நிலம் அளக்கிற சங்கிலியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இழுத்து இழுத்துச் சங்கிலி நீண்டுபோயிருக்கும். ஆளைச் சந்தேகப்படுவது கடைசியில். நான் அந்த முறைப்படியே போனேன். சரிவின் அடியில் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். மேலே ஒரு குறித்த பாறையிலிருந்து மிதிக்காமல் உருண்டு வர வேண்டும். முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக். கோட்டிலிருந்து நின்ற இடம் வரை டேப் பிடித்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு சாமானைத்தான் மாற்ற வேண்டும். அப்போதுதான் குற்றம் எதில் என்று தெரியும்.

ஜனவரியில் பதினாறு அடி. பிரேக் பேடு மாற்றினேன், பதினைந்து ஆனது, இரண்டு வாரத்தில் பதினேழு. டிஸ்க் தட்டைப் பெரிதாக்கினேன். பிரேக் ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஏற்றினேன். மாற்றிய வாரம் கொஞ்சம் குறையும், நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடச் சாப்பிடுவேன். அடுத்த வாரம் ஏறிவிடும். ஜூனில் இருபத்திரண்டு. கடைசியில் பிரேக்கையே மொத்தமாக எடுத்துவிட்டு, விலை கூடியது ஒன்றை வரவழைத்து மாட்டினோம். அதற்கும் இருபத்திரண்டு.

இதற்கு நடுவில் பெங்களூரில் இருக்கும் மகள் ஸ்வீட்லின், அப்பா இப்போதெல்லாம் கடிதத்தில் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறதே, தாள் மிச்சம் பிடிக்கிறாரா என்று அம்மாவிடம் போனில் கேட்டிருக்கிறாள். நான் பேனாவை மாற்றினேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை அன்று, அப்ரார் தானே கிளம்பி விடியற்காலை பஸ்ஸில் வந்தான். சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. நேரே சரிவுக்குப் போவோம் என்றான். முதலில் அவன் ஏறினான். என்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூட இருப்பான். பாறையிலிருந்து உருண்டு வந்து, கோட்டில் பிடித்து, நின்றான். பன்னிரண்டு அடி. மறுபடி போகச் சொன்னேன். பன்னிரண்டு. மூன்றாவது தடவை பன்னிரண்டரை.

அப்புறம் என்னைப் போகச் சொல்லிவிட்டுக் கோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் இறங்கி வந்து நின்றேன். அவன் டேப்பை எடுக்கவில்லை.

"கோட்டத் தாண்டி ஒரு ஆள் நீளம் வந்த பொறவுதான் உங்க விரலு மடங்கவே ஆரம்பிக்கு, அண்ணாச்சி. விரலு மடங்கின உடனே பிரேக்கு பிடிக்கு."

பிரேக் லீவர் தளர்ந்து பிளே விட்டிருக்குமோ என்றேன். அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டிக் காட்டி, என்னையும் அப்படிச் செய்யச் சொன்னான். இடது கை தட்டிக்கொண்டே இருந்தது. வலது கை ஐந்தாவது தட்டில் சிறுத்து, ஏழாவதில் அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வாப்பாவுக்கும் டாக்டரு மொதல்ல இதத்தான் செய்யச் சொன்னாரு" என்றான்.

அவன் வாப்பாவை எனக்குத் தெரியும். கடையின் பின்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள். டீயை மருமகள் ஊட்டிவிடுவாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். மார்ச்சிலிருந்து என்றான். பேடு மாற்றப் போன அன்று சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்திருக்கிறான்.

"பொறவு ஏம்ல அத்தன சாமான மாட்டின?"

"நீங்க சங்கிலி நீண்டிருக்கும், சங்கிலி நீண்டிருக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தீய. அப்படி இருந்திரக் கூடாதான்னு நானும் பாத்தேன்."

பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். என்னை நடக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, பார்கின்சன் என்றார். மூன்று வேளை மாத்திரை. சரியாகிவிடுமா என்று ஜெபராணி கேட்டாள். தொந்தரவைக் குறைக்கலாம், நோயை நிறுத்த இன்னும் மருந்து வரவில்லை என்று மறைக்காமல் சொன்னார். வலப் பக்கம் ஆரம்பித்தது இடப் பக்கமும் வரும், எப்போது என்று சொல்ல முடியாது. உடற்பயிற்சி அவசியம். வெளியில் சைக்கிள் வேண்டாம், வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதில் மாற்றுவதற்கு என்ன இருக்கும் என்று யோசித்தேன். சீட்டு மட்டும்தான்.

மாத்திரைக்கு விரல் கொஞ்சம் கேட்டது. பத்தொன்பது அடி வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. செப்டம்பரில் மேலப்பாளையம் போய், வலது கையில் இருந்த முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றித் தரச் சொன்னேன்.  அப்ரார் இரண்டு குழாயையும் கழற்றி இடம் மாற்றி மாட்டி, ஆயில் ஏற்றினான். கூலி வாங்கவில்லை. முதல் வாரம் பழக்கத்தில் வலது கைதான் முந்தியது, பின் சக்கரம் சறுக்கி இரண்டு தடவை விழப் போனேன். அப்புறம் இடது கை கற்றுக்கொண்டது. பதின்மூன்று அடி. அக்டோபர் முழுக்கப் பதின்மூன்றும் பதின்மூன்றரையுமாகவே இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினேன். நான் இப்போது எதை அளக்கிறேன் என்று ஜெபராணிக்கும் தெரியும்.  தனியே விட மாட்டேன் என்று சொல்லி, ஸ்கூட்டரில் பின்னாலேயே வர ஆரம்பித்தாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, மழை விட்டு நான்கு நாளாகித் தரை நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரத்தின் மேல் பழி போட முடியாது. பாறையிலிருந்து உருண்டு வந்தேன். கோடு வந்தது. இடது கை விரலை மடக்கினேன், மடக்கியதாகத்தான் நினைத்தேன்.

நின்றதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்து வந்து, டேப்பின் ஒரு முனையைக் கோட்டில் அழுத்திப் பிடித்தேன். மறு முனையை ஜெபராணி சக்கரத் தடம் வரை இழுத்துக்கொண்டு போய்க் குனிந்தாள். குனிந்தவள் நிமிர நேரமானது.

"பதிமூணு" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் தரையைப் பார்த்தவன். கோட்டிலிருந்து அவள் செருப்பு வரை பதினேழுக்குக் குறையாது.

"பதிமூணா?"

"பதிமூணுதாங்க. ஒரு இஞ்ச் கூட இருக்கும்."

அந்த ஒரு இஞ்சை அவள் எதற்காகச் சேர்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, பதின்மூன்று அடி ஒரு அங்குலம் என்று எழுதினேன். இன்னொரு தடவை போறியளா என்று கேட்டாள். போதும் என்றேன்.

டேப்பைச் சுருட்டி அவள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்காமல். நான் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு நடந்தேன். முன்னால் போகச் சொன்னேன். அவள் போகவில்லை. ஸ்கூட்டரை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, கல்லிடைக்குறிச்சி வரை என் பின்னாலேயே வந்தாள்.