மூன்று ஓவன், மூன்று கறுப்பு

விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் டெல்பர்ட் க்ரூகருக்குக் கறுப்பைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் கண்காட்சிக்கு நெடுங்காலமாக அவர்தான் நடுவர். மற்றவர்கள் வருஷம் முழுக்க விரல் தேய உழைத்துக் கொண்டுவந்த வண்டியின் முன் மண்டியிட்டு, எஞ்சினில் டார்ச் அடித்து, "இந்த மூடி ஒரு கறுப்பு, அந்த மூடி வேற கறுப்பு" என்று மதிப்பெண்ணை வெட்டுவார். வெட்டிவிட்டுச் சும்மா போகவும் மாட்டார். பெயின்ட் அடிப்பது எப்படி என்று பிரசங்கம் தொடங்கிவிடும்: கழுவு, வெறும் உலோகத்தை ஓவனில் ஒருமுறை சுட்டு, ஊறிக் கிடக்கும் எண்ணெயை வெளியேற்று, இல்லாவிட்டால் பெயின்ட் கொப்புளிக்கும், மறுபடி கழுவு, மெல்லிசாக அடி, பிறகு சுடு. கேட்பவர்கள் பீரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அவருடைய சொந்த வண்டி, எண்பதுகளில் பிறந்த ஜப்பான்காரி, எந்தக் கண்காட்சிக்கும் வந்ததில்லை. ஒரு குறையும் இல்லாமல் முடித்து முதல் பரிசு வாங்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. இந்த வருஷம் நடுவர் பதவியை விட்டுவிட்டுப் போட்டிக்கே பெயர் கொடுத்தார். கொடுத்த கையோடு இதயம் மக்கர் பண்ணியது. எஞ்சின் பாகங்கள் பழைய பெயின்ட் உரிக்கப்பட்டு கராஜில் கிடக்க, ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள்.

வீடு திரும்பிய அன்று மனைவி அர்லீன் காரிலிருந்து அவரை நேரே கராஜுக்கு நடத்திப் போனாள். சங்கத்து நண்பர்கள் மூன்று பேர் அங்கே நின்றார்கள்: நார்ப், வெயின், பெவ். வெயின் தார்ப்பாயை இழுத்தான். எஞ்சின் முழுதாக மாட்டப்பட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு, கிழவா?" என்றான் நார்ப்.

டெல்பர்ட் பார்த்தார். வால்வு மூடி கண்ணாடியாக மின்னியது. சிலிண்டர் அடுப்புக்கரி போல மங்கிக் கிடந்தது. கிளட்ச் மூடி லேசாகப் பழுப்படித்தது. ஒரே எஞ்சினில் மூன்று கறுப்பு.

"ஆளுக்கு ஒண்ணா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சுட்டோம்" என்றான் வெயின். "சிலிண்டர் என்னோடது. பார்பெக்யூ அடுப்புக்கு அடிக்கிற பெயின்ட்டு. சூடு தாங்கும்ல?"

"கிளட்ச் மூடி நான்" என்றான் நார்ப். "நடுவுல பாஸ்கெட்பால் மேட்ச். கொஞ்சம் கூடுதலா வெந்துடுச்சு."

"கொஞ்சமா? நாத்தம் தாங்காம உன் பொண்டாட்டி தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டாளே, அதையும் சொல்லு" என்றாள் பெவ்.

"நீ பேசாத! சர்ச் ஓவன்ல வச்சது யாரு?"

"வால்வு மூடி நீளம், எங்க வீட்டு ஓவன்ல நுழையல. அன்னிக்குப் பார்த்து சர்ச்ல மீன் வறுவல் விருந்து. ஊரே மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத் தின்னுது. தவக்காலம்தானே, ஒருத்தரும் குறை சொல்லல."

சிரிப்பு அடங்கியது. மூவரும் டெல்பர்ட்டின் முகத்தையே பார்த்தார்கள். தீர்ப்பு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கை பழக்கத்தில் வேலையைத் தொடங்கியது. இருமினால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூடிகளின் ஓரத்தைத் தடவினார். போல்ட் துளை ஒன்றிலும் பெயின்ட் இறங்கவில்லை. எங்குமே ஒரு கொப்புளம் இல்லை.

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால வெறுமனே ஒருதரம் சுட்டீங்களா?"

"மூணு பேருந்தான்" என்றான் நார்ப். "சுடலேன்னா நீ ஆஸ்பத்திரி கட்டில்லேர்ந்து எழுந்து வந்து கத்துவியே."

டெல்பர்ட் தலையணையை இறுக்கினார். "தையல் வலிக்குது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வலிக்கும், வலிக்கும்" என்றாள் அர்லீன்.

வசந்தம் முடிவதற்குள் டாக்டர் அவருக்கு ஸ்பானரைத் தொட அனுமதி கொடுத்துவிட்டார். கண்காட்சிக்கு இன்னும் நாள் இருந்தது. சரியான கறுப்பு டப்பா ஒன்றை வாங்கி வந்து, வண்டியின் முன் நெடுநேரம் நின்றார். மூன்றையும் கழற்றி, உரித்து, ஒரே கறுப்பாக அடித்துவிட்டால் முதல் பரிசு கைக்கெட்டும்.

அர்லீன் எட்டிப் பார்த்தாள். "ஓவன் காலியாத்தான் இருக்கு. வேணுமா?"

"வாசல் தபால் பெட்டிக்கு அடிக்க வாங்கினேன்" என்றார் டெல்பர்ட். போய் அடித்தும் விட்டார்.

கண்காட்சிக்குப் புது நடுவர் மில்வாக்கி நகரத்திலிருந்து வந்திருந்தார். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். மண்டியிட்டார், தொண்டையைக் கனைத்தார்.

"வால்வு மூடியும் கிளட்ச் மூடியும் ஒரே கறுப்பு இல்ல. வெட்ட வேண்டியிருக்கு, மன்னிக்கணும்."

"தாராளமா வெட்டுங்க. சிலிண்டரைப் பார்த்தீங்களா?"

"அது நிழல்ல இருக்கு."

"நல்லாப் பாருங்க. அது மூணாவது கறுப்பு."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதையும் வெட்டினா ஆறுதல் பரிசுகூட வராதே?"

"வராட்டிப் போகுது, சார். மத்த ரெண்டு பேர் சுட்டதைக் கணக்குல எடுத்துட்டு வெயின் சுட்டதை விட்டா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

பின்னால் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் தின்றுகொண்டிருந்த வெயின், கடுகுச் சாந்து ஒட்டிய வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் சிலிண்டரைக் காட்டினான். "அது நான் சுட்டது."