கூடையை எட்டிப் பார்த்த வரி

எங்கள் கெய்ரோ அலுவலகத்தில் கணினியைத் தொட்ட எல்லோருமே பாஷ்முஹந்திஸ், அதாவது தலைமைப் பொறியாளர். எங்கள் மேலாளர் மெத்ஹத்தை மட்டும் இரண்டு முறை அப்படிக் கூப்பிட வேண்டும். ஒருமுறை கூப்பிட்டால் அவர் காதில் விழாது.

துபாய் மாநாட்டிலிருந்து திரும்பியவர் ஒரு தடை போட்டார். மாறிக்குள், அதாவது நிரல் தகவலைப் போட்டு வைக்கும் பெட்டிக்குள், என்ன இருக்கிறது என்று பார்க்க, அதை அச்சிடும் வரியை இனி யாரும் நிரலில் எழுதக்கூடாது.

"அது குகை மனுஷன் வேலை. அதுக்குன்னு கருவி வாங்கியிருக்கோம்."

கருவி திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அந்த வியாழன் மாலை ஷுப்ரா இனிப்புக்கடையின் இணையதளம் திறந்தாக வேண்டும். குனாஃபா இனிப்பைத் தேர்ந்தெடுத்தால் கூடை காலி என்றது. அதைச் சரிசெய்யாமல் என் பக்கத்து மேசை ஷாஹினாஸ் கிளம்ப முடியாது. மன்சூராவில் அன்றைக்கு அவள் தங்கைக்கு மருதாணி வைக்கிறார்கள்; ஐந்து மணி வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை.

மெத்ஹத் காபிக்குப் போனதும் அவள் ஒரு வரியைச் செருகினாள். 'அடக் கழுதை, உள்ளே என்ன வச்சிருக்கே?' என்று கேட்டுவிட்டுக் கூடையை அச்சிடும் வரி.

குனாஃபா, பஸ்பூஸா எல்லாம் திரையில் வந்து விழுந்தன. கடையின் இணையப் பக்கத்திலும் கூடை நிரம்பியிருந்தது! வரியை எடுத்தாள்; காலி.

"பேய் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"இல்ல. யாராவது கேட்டாத்தான் கூடை தன்னை நிரப்பிக்குது. நம்ம இணையப் பக்கம் கேக்கவே இல்ல. இப்படி எழுதின மகராசன் யாரு?"

எழுதியவர் பெயர் நிரலின் தலையிலேயே இருந்தது. மெத்ஹத்.

அவரும் பின்னால் நின்றிருந்தார்.

"அந்த வரிய எடு."

காலி.

"போடு."

நிரம்பியது.

"எடு... போடு."

"வண்டி போயிடும், பாஷ்முஹந்திஸ்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது அச்சே இல்ல. இது விழிப்பூட்டும் அடுக்கு. நான் ஏற்கெனவே யோசிச்சு வச்சிருந்ததுதான்."

"ஆமாம் பாஷ்முஹந்திஸ், பாஷ்முஹந்திஸ்" என்றாள் ஷாஹினாஸ்.

"அந்தக் கழுதைய மட்டும் எடுத்துடு."

ஷாஹினாஸ் பையைத் தோளில் மாட்டினாள். "எடுத்துடலாம். எடுத்த பிறகும் ஓடுமான்னு நான் எப்படிச் சொல்றது?"

மெத்ஹத் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவள் வண்டியைப் பிடித்துவிட்டாள். தளமும் திறந்தது. இன்றைக்கும் ஷுப்ராவில் யார் குனாஃபா கேட்டாலும், எங்கள் சர்வர் முதலில் கழுதையைத்தான் விசாரிக்கிறது.