அவள் ஏறிய மரம்

"இறங்கு கீழே! புருஷனை முழுங்கினவ கால் வெச்சா மரம் காய்க்குமா?"

கணவனின் அண்ணன் பலாமரத்தடியில் நின்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு கிளையில் உட்கார்ந்திருந்தவள் இறங்கவில்லை.

மழை பொய்த்துப் புல்லெல்லாம் கருகிப்போயிருந்தது. வைக்கோலைக் கண்ணால் காண முடியவில்லை. விதவையான பிறகு அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியவை பின்கட்டு அறையும் சில ஆடுகளும்தான். சமையலறையில் விழும் காய்கறித் தோலையாவது கேட்டுப் பார்த்தாள். "குழியில கொட்டி மூடு. அவ ஆட்டுக்குப் போடாதே" என்று தன் மனைவிக்கு உத்தரவு போட்டவர் இதே அண்ணன்தான். ஆடுகள் செத்தால் அவள் தானாகவே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பின்கட்டும் தன் கைக்கு வந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

"ஆடுங்க பட்டினி கிடக்குது மாமா. நாலு கிளை வெட்டித் தாங்கன்னு உங்க கால்ல விழுந்தேனே?"

"உன் ஆட்டுக்கு நான் தழை வெட்டணுமா?"

"வேணாம். அதான் நானே ஏறிட்டேன்."

கூடியிருந்தவர்கள் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஆடு என்ன பாவம் செய்தது என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவள் வேண்டிய மட்டும் வெட்டிப்போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். ஆடுகள் இலைகளின்மேல் பாய்ந்தன.

மறுநாள் அண்ணன் மரம்வெட்டியைக் கூட்டிவந்தார்.

"ஐயா, மரம் பூரா பிஞ்சா தொங்குதே?" என்று தயங்கினான் அவன்.

"தீட்டுப்பட்ட மரம் வீட்டுக்கு ஆகாது. வெட்டு!"

காய்க்காமல் போய்விடும் என்று பதறியவர், காய்த்துக் குலுங்கிய மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். விழுந்த மரத்தைச் சுற்றி ஆடுகளை மேயவிட்டு, பிஞ்சுகளின் நடுவே அவள் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

மதில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி குரல் கொடுத்தாள்.

"தங்கச்சி, இந்தத் தழை தீர்ந்ததும் எங்க வீட்டுக்கு வா. கொல்லையில மரம் நிக்குது. ஏறி வெட்டிக்கோ."

"அவ ஏறினா உன் மரமும் இப்படித்தான் போகும்!" என்று சீறினார் அண்ணன்.

"ஏறினதுல என்னண்ணே போச்சு?" என்றாள் தையல்காரி. "உங்களை மாதிரி ஒரு ஆம்பளை எங்க வீட்டுல இல்ல. எங்க மரம் பிழைச்சுக்கும்."