குங்குமத்துக்கு அடியில்

துபாயில் பதினோரு வருஷம் உழைத்துத் திரும்பிய உதயசூரியன், ஒரு பள்ளிக்கூடம் விற்ற பழைய வேனை வாங்கினான். வாங்குமுன் எஞ்சின் சத்தம் கேட்டான், டயரைத் தட்டிப் பார்த்தான், நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வராததில் நிம்மதியானான். வண்டிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஆர்.சி. கார்டை அய்யனார் காலடியில் வைத்துக் குங்குமம் அப்பி எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது மாதம், சித்தன்னவாசல் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிப் போகையில் பிரேக் இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தி, ஆர்.சி. கார்டை வாங்கிப் பார்த்தார்.

“வாடகைக்குத்தான் ஓட்டுறேன் சார். மஞ்சள் போர்டு இருக்குல்ல?”

“மஞ்சள் போர்டுன்னா யாரை வேணாலும் ஏத்தலாமா? இது ஸ்கூல் வண்டி. பிள்ளைங்களை ஏத்தத்தான் பெர்மிட். அதை மாத்தாம ஓட்டுறீங்களே, நாளைக்கு எங்கயாச்சும் மோதுனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். இவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

“வித்தவங்க ஒரு வார்த்தை சொல்லலையே சார்.”

“வாங்குன நீங்க கேட்டீங்களா?”

குடும்பம் இறங்கி, கைக்குழந்தைக்கு முந்தானையை நிழலாக்கி ரோட்டோரம் நின்றது. இன்ஸ்பெக்டர் கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்து, வண்டியின் வகை ‘பள்ளி வாகனம்’ என்றிருந்த வரி தெரியக் கார்டை நீட்டினார்.

தினமும் வண்டியெடுக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தக் கார்டை, உதயசூரியன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தான்.