வாயைத் திறந்து வைத்திருந்த பதிப்பாளர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் அதற்கு நேர்மை என்று பெயர். பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோது, டோக்கன் கொடுக்கிற பெண் சொன்ன கதை இது. அவள் பல் டாக்டரின் தங்கை. அக்காவைப் பற்றித் தங்கை சொன்னால் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது பொது விதி. தள்ளினேன். கதை ரொம்ப இளைத்துப்போயிற்று. அதனால் தள்ளிய பாதியின் இடத்தில் என்னுடைய பாதியை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறேன். ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தால் மன்னிக்கவும்.

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே நான்கு நாள் போயிற்று.

முதல் வரைவு: "வலி என்பது மனிதனின் ஆதி மொழி, அந்த மொழியில் நாம் அனைவரும்—"

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டபோது அவளுடைய நாவல் ஏழாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது."

பரவாயில்லை. கையும் இருக்கிறது, நாவலும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம். (நேரில் அவரை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்துவிட்டால் 'அவள்' என்பேன். கதைக்காரனுக்கு இருக்கிற அதிகாரமே அவ்வளவுதான். அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.)

2

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டபோது அவளுடைய நாவல் ஏழாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. பதினொரு வருஷமாக எழுதிய நாவல். ஒரு பூட்டுக்காரியைப் பற்றியது. சாவி தொலைந்த வீடுகளுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து கொடுப்பவள். பதினான்கு வருஷமாகப் பேசாமலிருந்த அவளுடைய அக்கா ஒருநாள் ஆளனுப்புகிறாள்: பீரோ திறக்கவில்லை, வந்து பார். போகிறாள். அந்தப் பூட்டு அவளுக்கு இரண்டு நிமிஷ வேலை. ஆனால் திறந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதானே? அதனால், "இது முரண்டு பிடிக்குதுக்கா, கொஞ்சம் நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, கம்பியை உள்ளே விட்டுச் சும்மா துழாவிக்கொண்டே இருக்கிறாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். பேச்சு ஆரம்பிக்கிறது. முந்நூறு பக்கம்.

இந்தக் கதையை டாக்டர் தன் நோயாளிகளுக்குச் சொல்லிப் பழகினாள். கதை ஓடினால் மனிதர்கள் ஊசியை மறந்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்து வைத்திருப்பவர் 'போரடிக்குது' என்று சொல்ல முடியாது என்பது இன்னொரு காரணம். ஒரு பஸ் டிரைவர் எட்டாவது அத்தியாயத்தில் பொலபொலவென்று கண்ணீர் விட, வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டாளாம். அவர் அன்று மாலைவரை சிரிக்க முடியாமல் பஸ் ஓட்டினார்.*

செவ்வாய்க்கிழமைகளில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை மருத்துவமனை மூடியிருக்கும். அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் மூன்று நாவலாசிரியர்கள் கூடுவார்கள். டாக்டர், வக்கீல், வானிலை. வக்கீல் ஒன்பது கொலை நாவல் எழுதியவர், ஒன்பதும் அச்சில் வந்தது. வானிலை என்பது பட்டப்பெயர். வானொலியில் வானிலை அறிக்கை படிக்கிற அம்மாள், நான்கு நாவல். அச்சேறாதது டாக்டர் மட்டும்தான். அவர்கள் சங்கத்தில் ஒரே விதி: ஒருவர் அறிவுரை சொன்னால், கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. அடுத்த செவ்வாய்க்குள் அதைச் செய்து காட்ட வேண்டும்.

"மொதல் பக்கத்துல ஒரு பிணம் இருக்கணும்மா," என்றார் வக்கீல்.

"பூட்டு ரிப்பேர் கதையில பிணம் எங்கேருந்து சார் வரும்?"

"பக்கத்து வீட்டுலேருந்து வரட்டும். பதிப்பாளர்னா யாரு? காலையில எழுந்தா இருபது கட்டு பிரிக்கிற மனுஷன். பிணம் கிடந்தாத்தான் நின்னு பாப்பான்."

"பிணத்துக்கு முன்னாடி மழை பெய்யட்டும்," என்றாள் வானிலை. "மழையே இல்லாம ஒரு நாவலை எப்படித்தான் ஆரம்பிக்கிறதோ!"

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் மழை."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் எழவு."

டாக்டர் இரண்டு பேருடைய பேச்சையும் கேட்டாள். விதி என்றால் விதி. முதல் பக்கத்தில் மழை பெய்தது. இரண்டாம் பக்கத்தில் பிணம் கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் பிணம் நனைந்தது. பூட்டுக்காரி நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். அதற்குள் ஏழு பதிப்பாளர்கள் வெளியே போயிருந்தார்கள்.

* பஸ் டிரைவர் விஷயம் என் பாதியைச் சேர்ந்தது.

3

"அக்கா, இந்தச் சீட்டைப் பாரு. தொழில்னு போட்ட இடத்துல என்ன எழுதியிருக்காருன்னு பாரு."

தங்கை நீட்டிய சீட்டில் ஒரு பதிப்பகத்தின் பெயர் இருந்தது. ஏழாவது பதிப்பகம். 'தங்கள் நாவல் எங்கள் பட்டியலுக்குப் பொருந்தி வரவில்லை' என்ற கடிதம் மேஜை இழுப்பறையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் வெளியே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போடாம பிடுங்கிவிடு."

"சும்மா இருடி. வரச் சொல்லு."

கீழ்க் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை செய்தாக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணியை மாட்டியானதும், அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது இரண்டு கண்ணும் ஒரு 'ம்'மும்தான்.

நாவலைப் பற்றிச் சொல்லலாமா என்று டாக்டர் ஒரு கணம் யோசித்தாள். 'நான்தான் அந்த—' என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் சொல்வதைப் போலவே சொன்னாள். துளைக்கருவி கையில் இருக்கும்போது மழைக்கு ஏது நேரம்?

"ஒரு பூட்டுக்காரி சார். அவகூட அவ அக்கா பதினாலு வருஷமாப் பேசறதில்ல."

பதிப்பாளரின் கண்கள் கூரையிலிருந்து அவள் பக்கம் திரும்பின.

முக்கால் மணி நேரம் கழித்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பியபோது, அவர் பாதி உதட்டோடு, "அப்பதம்?" என்றார்.

"அப்புறம் அடுத்த வாரம் சார். இன்னொரு தடவை வந்தாப் போதும், முடிஞ்சிடும்."

4

"இன்னொரு தடவையா!" வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கடவுளாப் பாத்து குடுத்த வாய்மா அது. எட்டுத் தடவை வரவழை. கதை மொத்தமும் அவர் காதுக்குள்ள போகட்டும்."

"ஒவ்வொரு தடவையும் உச்சத்துல கொண்டுபோய் நிறுத்து," என்றாள் வானிலை. "பஞ்சை வெச்சு அடைச்சு அனுப்பு. தானா வருவாரு."

"பல்லுக்கு ரெண்டு தடவை போதும்."

"பல்லுக்குப் போதும். நாவலுக்கு?"

இருவரும் சொன்னது அறிவுரை. விதிப்படி செய்தாக வேண்டும்.

அடுத்த வாரம் அவர் வந்தார். வேர் காய்ந்து சுத்தமாக இருந்தது. எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. மேலே உறை போடத் தேவையில்லாத அளவுக்குப் பல் மிச்சமிருந்தது. கதையில், கம்பி பூட்டுக்குள் துழாவிக்கொண்டிருந்தது. தட்டில் இரண்டு கிண்ணங்கள்: ஒன்றில் தற்காலிகமாக அடைப்பது, இன்னொன்றில் நிரந்தரமாக அடைப்பது. முதல் கிண்ணத்தை எடுத்தால் அவர் மறுபடி வருவார், நாவல் தொடரும். இரண்டாவதை எடுத்தால் அவர் போய்விடுவார், பதினொரு வருஷமும் அவரோடு போய்விடும்.

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது இது:

(4-அ. டாக்டர் முதல் கிண்ணத்தை எடுத்தாள். எட்டுத் தடவை வரவழைத்தாள். எட்டாவது தடவையில் பதிப்பாளர் ஒப்பந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே—)

ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது. ஆனால் அதற்குள் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தானா? தங்கையிடமே போய்க் கேட்டேன்.

"நிஜமாவே அன்னிக்கே முடிச்சுட்டாங்களாம்மா?"

"முடிச்சுட்டா சார், பைத்தியக்காரி. நானா இருந்தா முப்பத்திரண்டு பல்லுக்கும் வேலை வெச்சிருப்பேன்."

அப்படியானால் 4-அ வேண்டாம். கிழிக்கவில்லை, அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.

அவள் இரண்டாவது கிண்ணத்தைத்தான் எடுத்தாள். பூட்டுக்காரி பொய்யாகத் துழாவலாம், பூட்டுக்கு வலிக்காது. இது ஒரு மனிதனின் வாய்.

"முடிஞ்சுது சார். இனிமே நீங்க வர வேண்டாம்."

அவர் எழுந்தார். கதவுவரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது, உதடு மரத்திருந்தது. போய்விட்டார். டாக்டர் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினாள்.

"சங்க விதியை மீறிட்ட," என்றார் வக்கீல், அந்தச் செவ்வாய்க்கிழமை.

"ஆமா சார். மீறிட்டேன்."

வானிலை, முன்னறிவிப்பு தப்பிப்போன நாட்களில் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

5

மூன்று வாரம் கழித்து, டோக்கன்கூட வாங்காமல், பதிப்பாளர் நேராக உள்ளே வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறந்தார்.

டாக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். தான் அடைத்த பல்லில் ஏதாவது ஆகிவிட்டதா? கண்ணாடியின் கைப்பிடியால் அதைத் தட்டிப் பார்த்தாள். "வலிக்குதா?" தலையாட்டினார், இல்லை. பக்கத்துப் பல். இல்லை. ஒவ்வொன்றாக, இருபத்தொன்பது பல்லையும் தட்டியாயிற்று. எதிலும் வலி இல்லை. வாயும் மூடவில்லை.

"வலியே இல்லாம எதுக்கு சார் வந்தீங்க?"

"ஈ... ஓ," என்றார்.

"என்னது?"

"பீரோங்கறாருக்கா," என்றாள் வாசலில் நின்ற தங்கை.

அவர் வாயை மூடினார். "பீரோவைத் திறந்தாளா இல்லையா மேடம்? மூணு வாரமா எனக்கு வேலையே ஓடல. வாயைத் திறந்து வெச்சாத்தான் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

டாக்டர் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் தன் கையெழுத்தை உற்றுப் பார்த்தார்.

"நானா? இந்தக் கதையையா?"

"மூணு பக்கம் படிச்சிருப்பீங்க சார்."

"மூணு பக்கத்துல என்ன இருந்தது?"

"மழை. அப்புறம் ஒரு பிணம்."

"நனைஞ்ச பிணமா?"

"நனைஞ்ச பிணம்."

"அடக் கடவுளே, அது நீங்களா! அந்த மாசம் மட்டும் பதினாறு நனைஞ்ச பிணம் வந்துது மேடம் எனக்கு."**

அவள் சிரித்துவிட்டாள். பதினொரு வருஷ நாவலைப் பற்றிப் பேசும்போது அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்கிறாள் தங்கை. அவள் எழுதிய வரிகள் திரும்பி வரவில்லை. திரும்பி வந்ததெல்லாம் வக்கீலின் பிணமும் வானிலையின் மழையும்.

"அந்த மழையையும் பிணத்தையும் தூக்கிப் போட்டுட்டு அனுப்புங்க," என்றார் பதிப்பாளர். "நான் போடறேன்."

"அவசரப்படாதீங்க சார். முடிவைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டதும் அந்த மனிதர் பழக்கதோஷத்தில் மறுபடி சாய்ந்து வாயைத் திறந்தார்.

"வாயை மூடுங்க சார்," என்றாள் டாக்டர். எந்தப் பல் டாக்டரும் எந்த நோயாளியிடமும் சொல்லியிராத வார்த்தை. "இத்தனை வருஷமா தெறந்த வாய்க்கே கதை சொல்லிட்டேன். வேண்டாம்னு யாருமே சொன்னதில்ல. பிடிக்கலைன்னா நீங்க சொல்லணும்."

அவரை எழுப்பி எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

** அந்த மாதம் வக்கீல் புது எழுத்தாளர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தியிருந்தார். தலைப்பு: 'பதிப்பாளரை நிற்க வைப்பது எப்படி?'

6

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் தங்கை காதை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் டாக்டரின் குரல். அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லையாம். அப்புறம் கதவு திறந்தது. பதிப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

தங்கை உள்ளே பாய்ந்தாள். டாக்டர், நோயாளிகள் படுக்கிற நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். கண்களை மூடியிருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"போடறாராம்டி."

"முடிவு பிடிச்சுதாமா?"

"ஒரு எடத்துல பிடிக்கலைன்னாரு. சரியாத்தான் சொன்னாரு." ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. இந்த நாற்காலி இவ்ளோ சுகமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுடி."

அடுத்த செவ்வாய்க்கிழமை வக்கீல் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பிணம் இல்லாவிட்டால் அந்த ஆள் அந்தக் கையெழுத்துப் பிரதியை ஞாபகமே வைத்திருக்கமாட்டான் என்று ஆதாரத்தோடு வாதாடினார். வானிலை, மழையைப் பற்றி அதையே சொன்னாள். டாக்டர் இருவருக்கும் நன்றி சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள், அன்று அவள் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்லியிருப்பாள்.

சரி, பீரோ திறந்ததா?

எனக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்தியிருந்தது. மூன்று முடிவுகளைக் கட்டிப் பார்த்தேன். ஒன்றில் பீரோ திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றில் அக்காவின் முந்தானையிலேயே சாவி இருக்கிறது, இருந்தும் ஆளனுப்பியிருக்கிறாள். மூன்றாவது எனக்கே வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டேன். புத்தகம் வரட்டும், வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இதோ, அந்த இடம்வரை கொண்டுவந்து விடுகிறேன்:

அக்கா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கம்பி பூட்டுக்குள் இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்றாள். பூட்டுக்காரி நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னாள்: "

அவ்வளவுதான். மேற்கோள் குறியை நான் மூடவில்லை, அது உங்களுக்கு. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீங்கள் செய்துவிடுவீர்கள்.